வலைக்கடை றாக்கையில் என்ன தொங்குகிறது?



பதிவு கொஞ்சம் நீளம். கடலோடு சம்பந்தப்பட்டவர்கள், முக்கியமாக வலைக்கடை வைத்திருக்கும் எமது முதலாளிமார், ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தை இதற்குத் தந்தால் போதும்.

மாரி ஓய்ந்துவிட்டது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில் என்று கரை நெடுகிலும் மேலே இழுத்து வைத்த படகுகளுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள், எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார்கள், நிழலில் இருந்து வலை பொத்துகிறார்கள். கடைகளுக்கும் இதுதான் புதுச் சாமான் இறக்கும் காலம். இம்முறை இறங்கியிருப்பதைப் பார்த்தால் கண் கூசுகிறது. இழுத்தால் பன்னிரண்டு அடிக்கு நீளும் தூண்டல் ரொட், விதவிதமான ரீல், கண்ணும் செதிளும் வைத்த பிளாஸ்டிக் மீன், நாலு நிறத்தில் பின்னல் நூல், தலையில் கட்டும் டோர்ச், போன் நனையாமல் வைக்கும் பை. வாசலிலேயே தொங்குகின்றன.

நாம் இதற்கு எதிரி இல்லை. பிள்ளைகள் அஸருக்குப் பிறகு ரொட்டோடு முகத்துவாரத்துக்குப் போவது, போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு சந்தியில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் மீனுக்குப் பாரையும் கொடுவாவும் உண்மையாகவே ஏமாறுகின்றன என்பதை எமது உயர்தர வகுப்பு மாணவர்கள் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். (வீட்டுப் பாடத்தைத்தான் காட்டவில்லை.) இரண்டு கொடுவா பிடித்து விற்றுப் புத்தகம் வாங்கிய பிள்ளையும் இருக்கிறான்.

ஆனால் அந்தக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்: “லைஃப் ஜாக்கெட் இருக்கா?” ஒன்றில் “இல்ல சேர்” என்று பதில் வரும். இல்லாவிட்டால் மேல் றாக்கையில், பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் இருந்து, தூசு படிந்த ஒன்றை ஏணி வைத்து எடுத்துத் தட்டித் தருவார்கள். இந்தப் பதிவில் நாம் சொல்ல வருவது இதைத்தான். கடை எதை இறக்குகிறதோ அதுதான் கடலுக்குப் போகிறது. மீனவரைத் திருத்தக் கூட்டம் போடுகிறோம், ஜும்ஆவில் அறிவித்தல் செய்கிறோம், திணைக்களத்தைக் குறை சொல்கிறோம். கடை றாக்கையைப் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை.

எமது கரையில் தொழில் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கையில் காசு வைத்துக்கொண்டு சாமான் வாங்குகிற மீனவர் குறைவு. கடைக்காரர் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார், மீன் பட்டால் கழிக்கிறார்கள். கடனுக்கு எடுப்பவர் கடையில் இருப்பதைத்தான் எடுப்பார். கொழும்புக்குப் போய் வேறு நல்லது தேட அவருக்கு வசதி இல்லை. ஆகவே கொழும்பு மொத்த வியாபாரியிடம் ஓடர் கொடுக்கும் அந்த ஒரு மனிதர்தான், தெரிந்தோ தெரியாமலோ, ஐம்பது அறுபது படகில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறார்.

“யாரும் கேட்கிறதில்ல சேர், கொண்டு வந்து வச்சா காசு முடங்கும்” என்று ஒரு முதலாளி எம்மிடம் நேர்மையாகவே சொன்னார். வியாபாரிக்கு இது நியாயமான பயம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் மீனைச் சில வருடங்களுக்கு முன் எமது ஊரில் யார் கேட்டார்கள்? ஒருவரும் இல்லை. வாசலில் தொங்கவிட்டீர்கள், பிள்ளைகள் நின்று பார்த்தார்கள், கேட்டார்கள், விற்றது. லைஃப் ஜாக்கெட் ஒரு நாளாவது அந்த இடத்தில் தொங்கியிருக்கிறதா?

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், கடலுக்குப் போய் வராதவர்களின் பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். ஜனாஸா கிடைத்த வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆசிரியர்கள் நன்றாக அறிவோம். ஜனாஸா கிடைத்தால் அழுது, தொழுது, அடக்கி, அல்லாஹ்வின் நாட்டம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கிடைக்காத வீட்டில் உம்மா வாசல் கதவைப் பூட்டாமல் தூங்குகிறார். இத்தாவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அவருக்குத் தெரியாது. வங்கி மரணச் சான்றிதழ் கேட்கும், பிரதேச செயலகம் கேட்கும். பாடசாலையில் நாமும் ஒரு படிவத்தை நீட்டி, தந்தையின் தொழில் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வோம். பிள்ளை பேனையை வைத்துக்கொண்டு யோசிக்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டவர் எல்லாரும் பிழைப்பார் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அது மிதக்க வைக்கும், நேரம் வாங்கித் தரும். அலைக்குள் கறுப்புத் தலை ஒன்றைத் தேடுவதும் செம்மஞ்சள் நிறம் ஒன்றைத் தேடுவதும் ஒன்றல்ல என்று தேடப் போன படகுக்காரரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு சின்ன விஞ்ஞான பாடம். லைஃப் ஜாக்கெட்டில் 50, 100, 150, 275 என்று ஓர் எண் இருக்கும். அது சைஸ் இல்லை. எத்தனை நியூட்டன் மிதப்பு விசை தருகிறது என்பதன் அளவு. 10 நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்குகிற விசை. அப்படியானால் 150 என்பது பதினைந்து கிலோ. “நான் எழுபது கிலோ, பதினைந்து கிலோ எப்படித் தாங்கும்?” என்று கேட்கலாம். தண்ணீருக்குள் எமது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்குகிறது. மூக்கையும் வாயையும் மேலே வைக்க மேலதிகமாகத் தேவைப்படுவது கொஞ்சம்தான். 50 என்று போட்டது, நீந்தத் தெரிந்தவர் கரைக்குக் கிட்ட, உதவிக்கு ஆள் இருக்கும் இடத்தில் பாவிப்பதற்கு. 100 அமைதியான நீருக்கு. வெளிக்கடலுக்குப் போகிறவருக்கு 150. மயங்கி விழுந்தவரையும் மல்லாக்கத் திருப்பி முகத்தை மேலே வைக்கும்படி அதை வடிவமைக்கிறார்கள். இந்த அளவுகள் எல்லாம் ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேச நியமத்தில் இருக்கின்றன. ஓடர் கொடுக்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஏனென்றால் எந்த எண்ணும் இல்லாத, பார்வைக்கு மட்டும் செம்மஞ்சளாக இருக்கிற சாமானும் சந்தையில் உண்டு. குளத்தில் குளிக்கப் போகிற பிள்ளைக்குப் போடும் நீச்சல் உடுப்பை லைஃப் ஜாக்கெட் என்று சொல்லி விற்பதும் நடக்கும். உணவுக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகளார் (ஸல்) அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் மத்ரஸாவில் நாம் எல்லோரும் படித்ததுதான். கோதுமை நனைந்திருந்தால் வாங்கினவருக்குக் காசுதான் நட்டம். லைஃப் ஜாக்கெட் பொய்யாக இருந்தால்?

மீனவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. தடித்த ஸ்பொன்ஞ் வைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க ஏலாது. வெயிலுக்கு வேர்க்கிறது, வலை கொளுவுகிறது, கை தூக்க முடியாமல் இருக்கிறது. ஆகவே கொண்டு போனாலும் அணியத்துக்குள் கிடக்கும். அடியில் கிடக்கிற ஜாக்கெட் படகு கவிழும்போது கைக்கு வராது. இதற்குத்தான் இப்போது காற்று நிரம்பும் வகை வந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டி போல் கிடக்கும், கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் சின்ன வாயுக் குப்பி திறந்து ஊதிக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் தானாக ஊதுகிற வகையும் உண்டு. விலை கூட. குப்பியை ஒரு தடவை பாவித்தால் புதிதாகப் போட வேண்டும், ஆகவே ஜாக்கெட்டை இறக்குகிற கடை குப்பியையும் இறக்க வேண்டும். ரீல் விற்றவர் நூல் விற்கிற மாதிரித்தான். புதுச் சாமான் என்று பெருமையாக வாசலில் தொங்கவிட இதைவிட நல்ல சாமான் எது?

இன்னொன்று, ஜாக்கெட் அளவுக்கு விலை இல்லாதது. வெளியிணைப்பு எஞ்சினோடு சிவப்பு நிறத்தில் ஒரு சுருள் கயிறு வரும். ஒரு முனை எஞ்சின் சுவிட்சில், மறு முனை ஓட்டுகிறவரின் கையில் அல்லது இடுப்பில். ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். அது தொலைந்த பிறகு எமது ஆட்கள் சுவிட்சுக்குள் நூலையோ பிளாஸ்டிக் துண்டையோ செருகி ஓட்டுகிறார்கள். தனியாக வலை பார்க்கப் போனவர் தவறி விழுந்தால் படகு அவரை விட்டுப் போய்விடும், அல்லது சுற்றி வந்து அவர் மேலேயே ஏறும். அந்தக் கயிறு கடையில் தனியாகக் கிடைப்பதை நாம் காணவில்லை. ஒரு விசில், ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, அந்தப் போன் பை, இந்தக் கயிறு: நாலையும் ஒரு பொதியாகக் கட்டி வைத்தால் வாங்குவார்கள். கண்ணாடி எதற்கு என்று கேட்பீர்கள். வெயிலில் பிடித்துத் திருப்பினால் அதன் வெளிச்சம் தூரத்துப் படகுக்குத் தெரியும், பெட்டரியும் வேண்டாம்.

ரொட்டோடு ஒலுவில் துறைமுகக் கல்லணையில் ஏறுகிற தம்பிமாருக்கும் இதே கதைதான். அந்தக் கற்கள் பாசி பிடித்தவை, இடுக்கு ஆழமானது, அலை சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2013 இல் திறந்த அந்தத் துறைமுகத்தால் வந்த மண்ணரிப்பில் காணியும் தென்னையும் போனது வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுவோம். ரீலுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை உடம்புக்கும் கொடுங்கள் என்று மட்டும் இப்போது சொல்கிறோம்.

சரி, கொண்டு வர வேண்டியதைச் சொன்னோம். கொண்டு வரக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் சில முதலாளிமாருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தங்கூசி வலை. இந்த நாட்டில் 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் மூலம் தடை செய்யப்பட்டது. பலர் நினைப்பது போல் கடலில் பாவிப்பது மட்டும் தடையில்லை. இறக்குமதி, விற்பனை, வைத்திருப்பது எல்லாமே தடை. தூண்டலுக்குக் கட்டும் தங்கூசி நூல் வேறு, அதில் பிரச்சினை இல்லை. தங்கூசியால் பின்னிய வலைதான் பிரச்சினை. அப்படியிருந்தும் தெரிந்த ஆளுக்குப் பின் அறையிலிருந்து எடுத்துக் கொடுப்பது நடக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

அதில் என்ன தீங்கு? முறுக்கு நூல் வலை தண்ணீருக்குள் கொஞ்சமாவது தெரியும். தங்கூசி தெரியவே தெரியாது. வேண்டிய மீன், வேண்டாத மீன், குஞ்சு, ஆமை எல்லாம் போய் மாட்டும். இலங்கைக் கரைக்கு முட்டையிட வருகிற ஐந்து வகை ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, ஆனால் வலைக்கு அது தெரியாது. மலிவு, கெதியில் கிழியும், கிழிந்ததைப் பொத்துவது வீண் வேலை என்று கடலிலேயே விட்டுவிடுவார்கள். நைலோன் உக்காது. ஆளில்லாத வலை பாரில் சிக்கிக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், பிடித்த மீன் அழுகும், அதைத் தின்ன வருவதும் மாட்டும். பேய் வலை என்று இதைச் சொல்வது சும்மா இல்லை. யாருடைய வயிற்றுக்கும் போகாத மீன் அது. பத்து வருடத்துக்கு முன் கரைவலையில் பட்ட மீன் இப்போது ஏன் படுவதில்லை என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதுவும் ஒரு பதில். (இது மட்டும்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை.)

“ஏழை மீனவன் மலிவாகக் கேட்கிறான், நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரன் கொடுப்பான்” என்பது வழமையான பதில். அதிகாரிகள் வருவது கரைக்கு. பிடிபடுவது அந்த ஏழை மீனவர். வலை பறிமுதல், நீதிமன்றம், தண்டம், போக்குவரத்து, தொழிலுக்குப் போகாத நாட்கள் எல்லாம் அவர் தலையில். விற்றவரின் கொப்பியில் அந்த வலையின் கடனும் அப்படியே நிற்கிறது, அதையும் அவர்தான் கட்ட வேண்டும். ஏழைக்கு இரங்கி விற்றோம் என்று இதற்குப் பிறகும் சொல்ல முடியுமா? அடுத்த கடைக்காரர் பிரச்சினை உண்மையானது. அதனால்தான் ஒரு கடை தனியாக நிறுத்த முடியாது. ஊரில் இருக்கிற நாலைந்து வலைக்கடை முதலாளிமாரும் பள்ளிவாசல் நிருவாகத்தின் முன் ஒரு நாள் இருந்து கதைத்தால் முடிகிற காரியம். ரமழானில் பேரீச்சம்பழ விலைக்குக் கூடிப் பேசியவர்கள்தானே நாம்.

ஈயத்தைப் பற்றி ஆசிரியர்களாக ஒரு வார்த்தை. கரையோர வளவுகளில் பழைய பெட்டரியை உடைத்து, சட்டியில் போட்டு உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், மூன்று கல் அடுப்பே போதும். பக்கத்தில் பிள்ளைகள் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். தூண்டலில் ஈயத்தைப் பல்லால் கடித்து நெருக்குகிற பழக்கமும் பிள்ளைகளிடம் உண்டு. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, பாதிப்பில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சுகிறது. படிப்பு ஏறவில்லை என்று வகுப்பில் பிள்ளையை ஏசுவதற்கு முன் வளவுக்குள் என்ன உருகுகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரித்தானியாவில் சின்னத் தூண்டல் ஈயங்களை விற்பதை 1987 இலேயே தடை செய்தார்கள். அங்கே காரணம் அன்னப்பறவைகள். அவை ஈயத்தை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. நாம் பறவைக்காகக் கேட்கவில்லை. வார்த்து முடித்த ஈயக்கயிற்றை, தூண்டலுக்கு இரும்புக் குண்டை, கடைகள் தாராளமாக இறக்கினால் வீட்டில் உருக்குகிற வேலை குறையும். பழைய பெட்டரியை உடைக்காமல் முழுதாக எடுக்கிற கடை இருந்தால் இன்னும் நல்லது.

காசு எங்கே என்ற கேள்விக்கு வருவோம். 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் எமது நாட்டு மீனைத் தடை செய்தது, 2016 இல் தடை நீங்கியது. அந்த நெருக்குதலில் ஆழ்கடல் படகுகளுக்கு இடங்காட்டும் கருவி பூட்டப்பட்டது. வெளிநாட்டுக்காரன் மீனை வாங்கமாட்டேன் என்றதும் கருவி வந்தது. எமது சொந்த ஆட்களின் உயிருக்கு யாரும் கப்பலை நிறுத்தப் போவதில்லை, நாமே செய்ய வேண்டும்.

எமது ஊர்களில் கூட்டு ஸகாத் அமைப்புகள் தொழிலுக்கு வலையும் தோணியும் எஞ்சினும் கொடுக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ், நல்ல பணி. அந்தக் கொடுப்பனவிலேயே படகுக்கு எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட்டைச் சேர்த்தால் என்ன? தொழில் கருவியோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும், அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். ஸகாத் அமைப்பு ஒன்று மொத்தமாக ஐம்பது ஜாக்கெட்டுக்கு எழுத்தில் ஓடர் கொடுத்தால் காசு முடங்கும் என்ற முதலாளியின் பயமும் போய்விடும். கடனுக்கு வலை எடுக்கிறவரிடம் ஜாக்கெட்டையும் கொப்பியில் எழுதிக் கொடுத்து, மீன் பட்டால் சிறுகச் சிறுகக் கழிக்கலாம். வலையைக் கடனுக்குக் கொடுக்கிற நம்பிக்கை ஜாக்கெட்டுக்கும் போதும்.

கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் இதைக் கதைக்க நாம் சிலர் நேரம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் ஓர் உதவி. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்தக் கடையிலாவது எண் போட்ட லைஃப் ஜாக்கெட், எஞ்சின் சுருள் கயிறு, வாயுக் குப்பி இருந்தால் என்ன எண், என்ன விலை என்று கீழே எழுதுங்கள். கடைக்காரர்கள் தாங்களாகவே எழுதினாலும் சந்தோஷம். ஒரு பட்டியலாகத் தொகுத்து, இன்ஷா அல்லாஹ், படகு இறங்குவதற்கு முன் எல்லாச் சங்கத்துக்கும் கொடுப்போம்.